திறப்புத் தொலைந்த பெட்டகத்தை உடைக்காமல் திறப்பது

நீங்கள் கேட்டிருப்பது, காரைநகரிலிருந்து பங்குனி மாதம் லொறியில் வெள்ளவத்தைக்கு வந்த அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறப்பு (சாவி) இல்லாமல் எப்படித் திறப்பது என்பது. ஆனால் நீங்கள் எழுதியதை முழுவதும் வாசித்தால், மனதில் இருப்பது அதைவிடப் பெரிய கேள்வி என்று தெரிகிறது. வீட்டுக்கு அழைத்த ஓடாவி, அலவாங்கை விட்டு நெம்பினால் ஐந்து நிமிட வேலை என்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணன், தான் மார்கழியில் வரும்வரை பொறுக்கச் சொல்கிறார். பெட்டகத்தை அசைத்தால் உள்ளே ஏதோ உருளுகிறது. இந்த நிலையில் ஒன்றையும் உடைக்காமல் திறக்க வழி உண்டா, அப்படி ஏதாவது ஒன்றை இழந்துதான் ஆக வேண்டுமென்றால் எதை இழப்பது நல்லது என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஓடாவியை அவருடைய அலவாங்கோடு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் கொட்டாஞ்சேனையில் 32 வருடங்களாகப் பழைய தளபாடங்களைத் திருத்தி வருகிறேன். மரவேலைதான் என் தொழில்; பூட்டுவேலையில் எனக்குத் தெரிந்தது, பெட்டகங்களோடும் அலுமாரிகளோடும் பழகியதால் வந்த அளவுதான். அந்த அனுபவத்தை வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, பூட்டிய மரப்பெட்டகம் ஒன்றைத் திறப்பதற்காக அதன் மூடியையோ முன்பலகையையோ உடைக்க வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை என்பது. உங்கள் பெட்டகத்தின் வயதையும் பூட்டின் வகையையும் படங்களை வைத்து மட்டும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆகவே எது நிச்சயம், எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பெட்டகத்தைப் பூட்டு காப்பது வெளியே நிற்பவரிடமிருந்து. ஆனால் பெட்டகம் முழுவதையும் ஒரு தச்சர் பலகை பலகையாகச் சேர்த்திருக்கிறார். அடிப்பலகையை எங்கோ அடித்திருக்கிறார், பிணைச்சலை எங்கோ பூட்டியிருக்கிறார், பூட்டை உள்பக்கத்திலிருந்து முன்பலகையில் குடைந்து பதித்து ஆணியோ திருகாணியோ கொண்டு இறுக்கியிருக்கிறார். அவர் சேர்த்த ஒழுங்கைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பூட்டை வெல்ல முடியாவிட்டாலும் பெட்டகத்துக்குள் கை போகும். திறப்பைத் தேடுவதும் செய்விப்பதும் முதல் வழி. அது பலிக்காவிட்டால் தச்சர் வந்த வழி. நெம்புவது இந்த இரண்டிலும் சேராது.

எதற்கும் முன்னர், பெட்டகம் பூட்டித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. தொழில் பழகிய காலத்தில் ஒரு வீட்டில் இதேபோன்ற பெட்டகம் ஒன்றைத் திறக்கப் போனேன். பொருந்துவதுபோலத் தெரிந்த ஒரு பழைய திறப்பை விட்டுக் குறடால் பிடித்துத் திருப்பினேன்; திறப்பின் பல் உடைந்து பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் செலவழித்து அடிப்பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது, பூட்டின் நாக்கு, அதாவது மூடியைப் பிடித்துவைக்கும் இரும்புத் துண்டு, பின்னால் இழுத்த நிலையிலேயே இருந்தது. பெட்டகம் பூட்டியிருக்கவேயில்லை. யாரோ பல வருடங்களுக்கு முன் மூடிய நிலையில் வார்னிஷ் பூசியதில் மூடியும் பெட்டியும் ஒட்டிப்போயிருந்தன. அந்த வீட்டுக்காரரின் பூட்டைக் கெடுத்தது என் அவசரம். அன்றிலிருந்து நான் செய்யும் முதல் வேலை, பழைய எக்ஸ்ரே படம் ஒன்றிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, மூடிக்கும் பெட்டிக்கும் இடையிலான இடுக்கில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெல்ல இழுத்துப் பார்ப்பதுதான். துண்டு முன்பக்கம் முழுதும் தடையின்றி ஓடி, நடுவில் பூட்டுக்கு நேரே மட்டும் முட்டி நின்றால் பெட்டகம் பூட்டியிருக்கிறது. நடுவிலும் ஓடினால் பூட்டுத் திறந்திருக்கிறது, பிணைச்சலோ வேறு ஏதோ பிடிக்கிறது. எங்குமே நுழையாவிட்டால் மரம் ஊதியிருக்கிறது, அல்லது வார்னிஷ் ஒட்டியிருக்கிறது. வார்னிஷ் என்றால் அந்த இடுக்கில் மெல்லிய, மழுங்கிய தகடு ஒன்றைப் பொறுமையாக ஓட்டிப் பிரிக்கலாம். சவரப் பிளேட்டைக் கொண்டு வெட்டினால் மரத்தில் கீறல் விழும்.

மரம் ஊதுவது உங்கள் விடயத்தில் மிகவும் சாத்தியமான ஒன்று. யாழ்ப்பாணத்தின் கோடைக்காற்றில் காய்ந்திருந்த பலகை, கடலுக்குச் சில நூறு யார் தூரத்தில் இருக்கும் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதிவரை நீளும் தென்மேல் பருவக்காற்றின் ஈரத்தை இழுத்திருக்கிறது. பலகை ஈரத்தை இழுத்தால் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்குவாக்கில்தான் விரியும். உங்கள் பெட்டகத்தின் மூடிப்பலகைகள் நீளவாக்கில் ஓடுவது படத்தில் தெரிகிறது. ஆகவே அது முன்னிருந்து பின்னாக விரியும். இரண்டடி அகல மூடி சில மில்லிமீற்றர் விரிந்தால் போதும், பூட்டின் நாக்கு, மூடியிலிருந்து இறங்கும் இரும்புக் காதுக்குள் இறுகிப்போகும், சரியான திறப்பே கையில் இருந்தாலும் சுற்றாது. குளிரூட்டி உள்ள அறை இருந்தால் பெட்டகத்தை அங்கே இரண்டு மூன்று கிழமை வைத்திருங்கள். வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம், ஒரு பக்கம் வேகமாகக் காய்ந்து பலகை வெடிக்கும். குளிரூட்டி இல்லையென்றால், கொழும்பில் ஈரம் குறைந்த காலம் தையிலிருந்து பங்குனிவரை. அண்ணன் மார்கழியில் வந்து ஒரு மாதம் நிற்பாரானால் காலமும் ஒத்துவரும்.

இனித் திறப்பு. தொலைந்தது என்று சொல்லப்படும் திறப்புகளில் பல வீட்டிலேயே கிடைத்திருக்கின்றன. பெட்டகத்தின் பின்புறக் கால்களுக்கு மேலே, அடிப்பலகையின் விளிம்பில், பிணைச்சலுக்குப் பின்னால் சிறு ஆணி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சாமியறைப் பெட்டி, தையல் மெஷின் இழுப்பறை, அம்மம்மாவின் கைப்பை, ஊர் வீட்டின் நிலைக்கதவுக்கு மேல்விளிம்பு ஆகிய இடங்களையும் ஊரில் இருப்பவர்களைக் கொண்டு பார்ப்பியுங்கள். பழைய வீடுகளில் ஒரே கொல்லர் செய்த அலுமாரித் திறப்பும் பெட்டகத் திறப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவது உண்டு. ஆகவே ஊர் வீட்டில் கிடக்கும் பழைய திறப்புக்கோவை எதையும் எறிய விடாதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது. அம்மம்மா திறக்கும்போது இரண்டு தடவை மணி அடிக்கும் என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது மணிப்பூட்டு. நாக்கு நகரும் ஒவ்வொரு தடவையும், பூட்டுக்குள் வில்லோடு இணைந்த சிறு சுத்தி ஒன்று மணித்தட்டைத் தட்டும். இரவில் யார் பெட்டகத்தைத் தொட்டாலும் வீட்டார் காதில் விழ வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. பூட்டுகளுக்குப் பெயர்போன திண்டுக்கல்லிலும் மணிப்பூட்டுச் செய்திருக்கிறார்கள். அதனால் மணிச் சத்தத்தை வைத்துப் பூட்டு எங்கே செய்யப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு மணி என்றால் இரண்டு சுற்று என்பது நம்பத்தக்கது. பலர் ஒரு சுற்றோடு நிறுத்தி, மூடி வரவில்லை என்று திறப்பைக் குறை சொல்வார்கள். உங்களுக்குத் திறப்புக் கிடைத்தாலும் செய்வித்தாலும், முதல் மணிக்குப் பிறகு அதே பக்கமாக இன்னொரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இன்னொரு பயனும் இதில் உண்டு. புதுத் திறப்பைப் பரீட்சிக்கும்போது மணி அடித்தால், மூடி எழும்பாவிட்டாலும் நாக்கு நகர்கிறது என்று பொருள். பிறகு பிரச்சினை மரத்தில்தான், பூட்டில் அல்ல.

திறப்பு செய்விப்பதற்கு முன்பு நீங்களே எடுக்கக்கூடிய சில அளவுகள் இருக்கின்றன. திறப்புத் துவாரத்தின் மேலுள்ள பித்தளை மூடியை ஒருபக்கம் தள்ளிவிட்டு, சிறிய டோர்ச் விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். துவாரத்தின் நடுவில் ஆணிபோல ஒரு தண்டு நின்றால், திறப்பின் தண்டு குழலாக இருக்க வேண்டும், அந்தத் தண்டின் மேல் அது போய் உட்கார வேண்டும். தண்டு இல்லையென்றால் திறப்பு உருண்டைக் கம்பியால் ஆனது. பிறகு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை எடுத்து, துவாரத்துக்குள் நேராக விட்டு, பின்தகட்டில் முட்டும் இடத்தில் நகத்தால் மடித்து அடையாளம் செய்யுங்கள், அது ஆழம். துவாரத்தின் அடிப்பக்க வாயின் உயரத்தையும் அகலத்தையும் இன்னொரு ஈர்க்கில் அளந்துகொள்ளுங்கள். அது திறப்பின் பல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு எல்லை. இதற்கு நான் கம்பி விடுவதில்லை. கம்பி பித்தளையைக் கீறும், உள்ளே இருக்கும் மெல்லிய வில்லைத் தட்டி இடம் மாற்றிவிடும். ஈர்க்கு வளையும், முறிந்தாலும் ஊசியால் எடுத்துவிடலாம்.

ஈர்க்கு உள்ளே போகும்போது எதில் தட்டுப்படுகிறது என்பதைக் கொண்டு வகையையும் ஓரளவு ஊகிக்கலாம். நமது பக்கத்துப் பெட்டகங்களில் நான் கண்டவற்றில் பெரும்பாலானவை தடுப்புப் பூட்டுகள். உள்ளே நிலையான சில வளைவுத் தகடுகள் வரம்பு கட்டியதுபோல நிற்கும், அந்த வரம்புகளுக்குப் பொருத்தமான வெட்டுகள் உள்ள பல் மட்டுமே சுற்றிவரும். இவை பார்வைக்குப் பயமுறுத்தினாலும் திறப்பு செய்வது எளிது, ஏனெனில் தடுக்கும் வரம்புகளுக்கு இடம்விட்டு அராவினால் போதும். இன்னொரு வகையில் நாக்கின் மேல் வில் வைத்த தகடுகள் அடுக்காகக் கிடக்கும். பல் ஒவ்வொரு தகட்டையும் மிகச் சரியான உயரத்துக்கு உயர்த்தினால்தான் நாக்கு நகரும், குறைந்தாலும் கூடினாலும் நகராது. 1778 இல் இங்கிலாந்தில் ராபர்ட் பரன் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1818 இல் ஜெரமையா சப் செய்த பூட்டில் இன்னொரு பொறி சேர்ந்தது: பிழையான திறப்பு ஒரு தகட்டை அளவுக்கு மேல் உயர்த்தினால் அது மேலேயே சிக்கி நின்றுவிடும், அதை விடுவிப்பதற்கென்றே உள்ள தனித் திறப்பைக் கொண்டு முதலில் விடுவிக்காமல் பூட்டுத் திறக்காது. ஆகவே பூட்டின் முகத்திலோ துவாரத்தின் தகட்டிலோ சப் என்றோ பிராமா என்றோ ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், கண்ட கண்ட திறப்புகளை எல்லாம் விட்டுப் பார்ப்பதை அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள். பிராமா என்பவர் 1784 இல் செய்த வகைப் பூட்டை, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு என்று அறிவித்து அவருடைய நிறுவனம் இலண்டனில் கடைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தது. 1851 இல் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத்தான் அதைத் திறந்தார். உங்கள் படத்தில் தெரியும் பெரிய, அடி விரிந்த துவாரம் பிராமா வகைக்கு உரியதல்ல. அதன் துவாரம் சிறு வட்டமாக இருக்கும். தடுப்புப் பூட்டாக இருக்கலாம் என்பது என் ஊகம், மணியும் அதோடு ஒத்துப்போகிறது.

இதை வாசிக்கும் வேறு யாரிடமாவது, மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய பாட்டனார் கொண்டுவந்த சீனத்துக் கற்பூரமரப் பெட்டி இருந்தால், அதன் கதை வேறு. அதில் பெரும்பாலும் நாதாங்கியில் தொங்கும் நீளமான பித்தளைப் பூட்டு இருக்கும். அதன் திறப்பு சுற்றுவதில்லை. பக்கவாட்டில் உள்ளே தள்ள, விரிந்து நிற்கும் வில்தகடுகள் ஒடுங்கிப் பூட்டு இரண்டாக வழுக்கிப் பிரியும். அதைச் சுற்ற முயன்றுதான் பலர் உடைக்கிறார்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காயெண்ணெய் என்பதால் அதைத்தான் முதலில் ஊற்றுவார்கள். தயவுசெய்து வேண்டாம். தூசியோடு சேர்ந்து சிக்குப் பிடித்துப் பசையாகி வில்களைக் கட்டிவிடும். துருவிளக்கும் மெல்லிய எண்ணெயோ, அதுவும் இல்லாவிட்டால் மண்ணெண்ணெயோ, ஊசிமுனையால் இரண்டு மூன்று துளி போதும். துவாரத்தைச் சுற்றி ஒற்றுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள், மரத்தில் வடிந்தால் கறை போகாது. ஒரு முழு நாள் விட்டுவிட்டு மறுநாள் இன்னொரு துளி. இரண்டு நாளில் இளகாத துரு ஒரு கிழமையில் இளகிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

திறப்பைச் சுற்றும் முறையும் முக்கியம். மூடியின் உள்விளிம்பிலிருந்து ஒன்று அல்லது இரண்டு இரும்புக் காதுகள் பூட்டுக்குள் இறங்கியிருக்கும். நாக்கு பக்கவாட்டில் ஓடி அந்தக் காதுகளுக்குள் புகுந்து நிற்கும். மூடி சற்று வளைந்து மேலே எழும்பப் பார்த்தால், காது நாக்கை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும், அந்த உராய்வில்தான் திறப்பின் பல் முறியும். ஒருவர் மூடியின் முன்விளிம்பைப் பூட்டுக்கு நேர்மேலே இரண்டு உள்ளங்கையாலும் கீழே அழுத்த, மற்றவர் இரண்டு விரலால் மட்டும் திறப்பைச் சுற்ற வேண்டும். இரண்டு விரலின் பலத்தில் சுற்றாத திறப்பு, சரியான திறப்பாக இருந்தால் இன்னும் எண்ணெய் வேண்டும். பிழையான திறப்பாக இருந்தால் வெளியே வர வேண்டும். குறடு எந்த நிலையிலும் வேண்டாம்.

திறப்பு செய்பவரைத் தெரிவதில் கவனமாக இருங்கள். புறக்கோட்டையில் தெருவோரம் மெஷின் வைத்துப் புதிய பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டித் தருபவர்களின் கைத்திறமை வேறு, இந்த வேலை வேறு. உங்களுக்கு வேண்டியவர், வெறும் பல்லோடு ஒரு திறப்பைச் செய்து, அதை விளக்குச் சுவாலையில் காட்டிக் கரிபிடிக்க வைத்து, பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருப்பி, கரியில் விழுந்த தடங்களைப் பார்த்து அரத்தால் சிறிது சிறிதாக அராவுகிறவர். ஒரு பூட்டுக்கு நாலைந்து மணி நேரம் எடுக்கும். பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடைகளில் விசாரித்தால் அப்படியான முதியவர்கள் யாராவது தெரியவரும். மொரட்டுவையில் பழைய தளபாடம் திருத்துகிறவர்களும் வழிகாட்டுவார்கள். பெட்டகத்தை அவரிடம் தூக்கிக்கொண்டு போகாமல் அவரை வீட்டுக்கு வரவழையுங்கள். வேலை தொடங்கும் முன்பே, உங்களைக் கேட்காமல் துளை போடுவதில்லை என்ற வாக்கை வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குத் தர யோசிக்கிறவரிடம் கொடுக்காமல் விடுவது நல்லது.

திறப்பு வழி முழுதும் அடைபட்டால் தச்சர் வழி. பெட்டகத்தின் பின்பக்கம் பாருங்கள். பிணைச்சலின் மூட்டு வெளியே தெரிந்து, அதன் நடு ஆணியின் தலை தட்டித் தட்டையாக்கப்படாமல் இருந்தால், எண்ணெய் விட்டு ஊறவைத்து, முனை மழுக்கிய ஆணியால் அதைத் தட்டி வெளியே எடுக்கலாம். அப்போது மூடியின் பின்விளிம்பு ஒரு அங்குலம் எழும்பும். அவ்வளவிலேயே டோர்ச் அடித்து உள்ளே என்ன இருக்கிறது, பூட்டு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம். நீண்ட திருப்புளி போகும் இடம் இருந்தால் பூட்டின் திருகாணிகளையும் கழற்றலாம். அதற்கு மேல் மூடியைத் தூக்கினால் முன்பக்கக் காது வளையும் அல்லது முன்பலகை பிளக்கும். உட்புறம் பதித்த பட்டைப் பிணைச்சலாக இருந்தால் இந்த வழியே இல்லை. அதை வெளியிலிருந்து தொட வேண்டாம்.

அடிப்பலகை வழிதான் எனக்கு மிகவும் நம்பிக்கையானது. பழைய பெட்டகங்களில் பக்கப்பலகைகள் மூலையில் விரல் கோத்ததுபோலப் பிணைந்திருக்கும், அவற்றைப் பிரிப்பது கூடாது. ஆனால் அடிப்பலகையைப் பெரும்பாலும் கீழிருந்து ஆணி அடித்தோ, பள்ளத்தில் செருகிக் குறுக்குச் சட்டத்தால் தாங்கியோதான் முடித்திருப்பார்கள். அது யார் கண்ணிலும் படாத பலகை. கழற்றிய அடையாளம் தெரியாது, அப்படியே திருப்பிப் பூட்டலாம். நாலு பேர் பிடித்து, தரையில் பழைய மெத்தை விரித்து, பெட்டகத்தை முதுகுப் பக்கமாகச் சாய்க்க வேண்டும், தலைகீழாகக் கவிழ்க்கக் கூடாது. உள்ளே உருளுவது கண்ணாடியாக இருக்கக்கூடும், ஆகவே ஒரு நிமிடத்தில் ஒரு சாணளவு என்ற வேகத்தில் சாயுங்கள். ஒரே ஒரு பலகையைக் கழற்றினாலே கை உள்ளே போகும். உள்ளே போன கை பூட்டின் பின்தகட்டைத் தேடிப் பிடித்து, அதை இறுக்கியிருக்கும் நாலைந்து திருகாணிகளைக் கழற்ற, பூட்டு முன்பலகையிலிருந்து விடுபட்டு மூடியின் காதிலேயே தொங்கியபடி மூடியோடு எழும்பிவரும். பூட்டும் பிழைக்கும், மரமும் பிழைக்கும். அந்தத் திருகாணிகளை எந்தத் துவாரத்திலிருந்து எடுத்தீர்களோ அந்த ஒழுங்கில் ஒரு காகித மட்டையில் குத்தி வையுங்கள். கையால் செய்தவை என்றால் ஒன்றின் புரி இன்னொன்றின் துவாரத்தில் இறங்காது. அவற்றின் முனையையும் பாருங்கள்: கூர்முனைத் திருகாணிகள் 1840களின் பிற்பகுதிக்குப் பிறகே பரவின; முனை மொட்டையாகவும் தலையிலுள்ள வெட்டு நடுவிலிருந்து விலகியும் இருந்தால் அதற்கு முந்தியவையாக இருக்கலாம். இருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறேன், ஏனெனில் பழைய திருகாணியைப் புதிய பெட்டகத்தில் பாவித்தவர்களும் உண்டு, பழைய பெட்டகத்துக்குப் பின்னாளில் பூட்டு மாற்றியவர்களும் உண்டு.

இந்த வழிகள் எல்லாம் அடைபட்டு, ஒன்றை இழந்தே ஆக வேண்டும் என்றால் பூட்டை இழக்கலாம். பூட்டுவேலை தெரிந்தவர், திறப்புத் துவாரத்தின் பித்தளைத் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்தத் தகடு மறைக்கும் பரப்புக்குள்ளேயே ஒரு சிறு துளை போட்டு நாக்கைத் தள்ளலாம். பிறகு தகட்டை மேலே வைத்தால் துளை மறையும். மூடியின் விளிம்பை மட்டும் இழக்கக் கூடாது. அலவாங்கு விழுந்த இடத்தில் பலா மரம் நார்நாராகக் கிழியும், முதிரையும் கருங்காலியும் சில்லாகத் தெறிக்கும். அந்தத் தழும்பை எந்தத் தச்சராலும் முழுதாக மறைக்க முடியாது. நான் உட்படச் சொல்கிறேன்.

அண்ணன் வரும்வரை பொறுப்பது நல்லது என்பதே என் கருத்து. மரத்துக்காக மட்டும் அல்ல. அம்மம்மாவின் பெட்டகத்துக்குள் காணி உறுதியோ நகையோ இருக்குமானால், உரித்துள்ளவர்கள் எல்லோர் முன்னிலையிலும், தொலைபேசியில் படம் பிடித்தபடி, எடுத்ததை எடுத்த ஒழுங்கில் எழுதிக்கொண்டு திறப்பது உங்கள் எல்லோருக்கும் நிம்மதி. அவர் பெட்டகத்தைக் கனடாவுக்குக் கொண்டுபோக நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. அப்படியானதை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துகள் சட்டமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. உங்களுடையது அவ்வளவு பழையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கப்பலுக்குப் பெட்டி அடிக்கும் முன்பு தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொண்டால் சுங்கத்தில் தவிக்க வேண்டியிருக்காது.

திறக்கும் நாளில் யன்னல்களைத் திறந்துவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். பழைய பெட்டகங்களுக்குள் பூச்சிக்காகத் தூவிய டி.டி.ரி. போன்ற மருந்துப் பொடிகள் இன்னமும் கிடக்கலாம், அந்துருண்டையின் நெடியும் பூஞ்சணமும் நிச்சயம் இருக்கும். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் விலகி இருங்கள். பட்டுச் சேலைகளை எடுத்த உடனே விரிக்காதீர்கள், மடிப்பில் நூல் அறுந்திருக்கும். கீழே ஒரு தட்டோ மட்டையோ கொடுத்து அப்படியே தூக்குங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய காகிதங்களையும் ஏடுகளையும் பிரிக்க முயலாமல், கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஆலோசனை கேளுங்கள்.

மூடி எழும்பியதும் உடனே ஒரு மரத்துண்டை விளிம்பில் வைத்து, அது மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில பூட்டுகள் மூடி விழுந்த மாத்திரத்தில் தாமாகவே பிடித்துக்கொள்ளும். பிறகு பூட்டைக் கழற்றித் திறப்புக்காரரிடம் கொடுத்தால், உள்ளே பார்த்தபடியே மிகச் சரியான திறப்பை அரை நாளில் செய்துவிடுவார், இரண்டாகச் செய்வியுங்கள். பூட்டைப் புதிதாக மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஈர்க்கில் எடுத்த ஆழம், துவாரத்தின் உயரமும் அகலமும், நடுவில் தண்டு உண்டா இல்லையா, எக்ஸ்ரே துண்டு எங்கே முட்டியது ஆகியவற்றை எழுதுங்கள். எந்த வகைத் திறப்புக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். அதோடு அம்மாவிடம் இன்னொன்று கேட்டு எழுதுங்கள். அம்மம்மா வலக்கையால் திறப்பைச் சுற்றியபோது இடக்கையை எங்கே வைத்திருந்தார்? மூடியின் மேல் அழுத்தியா, பக்கத்தில் தூக்கிப் பிடித்தபடியா, முழங்காலால் முன்பலகையைத் தள்ளியா? அறுபது வருடம் அந்தப் பூட்டோடு பழகியவருக்கு அதன் குணம் தெரிந்திருக்கும், அம்மாவின் நினைவில் அந்தக் கை இன்னும் இருக்கக்கூடும்.